முதுகெழுத்து

காலை ஒன்பதரைக்கு
அபரிஸ்ட்வித் கடற்கரைச் சாலையில்
மழை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண், லோவ்ரி,
ஒரு தாளும் நான்கு ஊக்குகளும் தந்தாள்.
"இவருக்காக நடக்கிறேன்" என்று அச்சடித்து
கீழே வெற்றிடம்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் யோசிக்கவே இல்லை.
அம்மா. அப்பா. கேரிஸ் சித்தி.
ஒரு பையன் தன் பெயரையே எழுதி
பக்கத்தில் டைனோசர் வரைந்தான்,
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்.

நான் இட்வால் என்று எழுதினேன்.

"இட்வால் உங்களுக்கு என்ன வேண்டும்?"
வேண்டியவர் என்று சொல்ல நா எழவில்லை.
வேண்டாதவர் என்று சொல்லும் இடம் அதுவல்ல.
"பக்கத்து வீடு" என்றேன்.

பதினோரு வருடம் ஒரு வேலிச் செடிக்காக.
அது யார் பக்கம், யார் வெட்டுவது, எவ்வளவு.
நகரமன்றத்திலிருந்து ஒருவர் வந்து
நாள் முழுக்க நாடா பிடித்து அளந்துவிட்டு
இருவருக்கும் பொது என்று சொல்லிப் போனார்.
அந்த ஆளைத் திட்டியதில் மட்டும்
எங்களுக்குள் ஒற்றுமை.

சண்டைக்கு முந்தைய காலத்தில்
என் ஏணியை இரவல் வாங்கினார்.
அதுவும் வரவில்லை.

போன குளிர்காலம் அவர் பக்கத்துச் செடி
ஜன்னலை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தது.
வேண்டுமென்றே செய்கிறார் என்று
கடிதம் எழுதிக் கதவிடுக்கில் போட்டேன்.
மூன்று நாள் கழித்து ஸ்ட்ரெச்சர் வந்தபோது
மிதியடி மேல் அப்படியே கிடந்தது,
உறை பிரிக்காமல்.
கணையம் என்றார்கள். ஆறு வாரம்.

தலையெழுத்தைத் தான் பார்க்க முடியாது என்பார்கள்.
முதுகெழுத்தும் அப்படித்தான்,
பின்னால் வருகிறவர்கள்தான் படிக்கிறார்கள்.

"எந்த இட்வால்? பஸ் ஓட்டினாரே, அவரா?"
சிவப்பு மழைக்கோட்டுக்காரர் எட்டி நடந்து வந்தார்.
என் அம்மா மெல்ல நடப்பாள் என்று
நிறுத்தத்தில் ஹார்ன் அடிக்காமல் நிற்பார் என்றார்.
எங்கள் தெருவில் அடித்த ஹார்னெல்லாம்
என் காதில் இன்னும் இருக்கிறது.

துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொருத்தி:
"பத்து பவுண்டு தரணும் எனக்கு அந்தக் கஞ்சன்."
அவளை எனக்கு உடனே பிடித்துப்போனது.

அதற்கப்புறம் ஒரு மைல்
யாரும் எதுவும் கேட்கவில்லை.
காற்று தாளைப் படபடவென்று அடித்தது,
முதுகில் யாரோ தட்டுவதுபோல.
இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

சாலை முடிகிற இடத்தில் இரும்புக் கம்பி.
இந்த ஊரில் நடக்கிறவர்கள்
அதை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.
ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
டைனோசர் பையனை அவன் அப்பா தூக்கிப் பிடிக்க
இரண்டு காலாலும் உதைத்தான்.
நானும் உதைத்தேன்.
கொஞ்சம் அதிகமாகவே. கட்டைவிரல் வலித்தது.

சலூனில் பிடுங்கியது, மதுக்கடையில் பிடுங்கியது,
எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
லோவ்ரி வார நாட்களில் கார்டிஃபில்
ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவளாம்.
இதற்கு என்ன கிடைக்கும் என்றேன்.
மறைக்காமல் சொன்னாள்:
"கையுறை, சின்னச் சின்னக் குழாய்...
திங்கட்கிழமை ஆரம்பித்தால்
செவ்வாய் மதியம் வரைக்கும் வரும்."

செவ்வாய் மதியம் வரைக்கும்.
பஸ்ஸில் வீடு திரும்பும்போது
அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தாள் நனைந்து மை கோட்டில் இறங்கிவிட்டது.
இ தெரிகிறது, வா தெரிகிறது. நடுவில் நீலம்.
இன்னும் துவைக்கப் போடவில்லை.

அவர் வீட்டை விற்கப் போகிறார்களாம்.
கொட்டகைக் கதவு திறந்தே கிடக்கிறது,
ஏணி இங்கிருந்தே தெரிகிறது.
அது இருந்தால்தான்
வேலியின் உச்சியை வெட்ட முடியும்.