இருபத்து மூன்று கையுறைகள்

பன்னிரண்டு பிள்ளைகளை உடுத்திவிட
நாற்பது நிமிடம்.
அவர்கள் வெளியே இருப்பதோ
இருபது நிமிடம்.
கணக்கு உதைக்கிறதே என்றார்
நகராட்சியிலிருந்து வந்தவர்.
உடுத்துவதுதான் பாடம் என்றாள் மாரித்,
தரையில் மண்டியிட்டு
யாருடைய காலோ ஒன்றை
யாருடைய காலணிக்குள்ளோ திணித்தபடி.

இது உத்ஸ்யோக்கி.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
அதுவரை நண்பகல் என்பது
உறைந்த ஆற்றின் மேல்
மை கரைந்த தண்ணீராய்க் கொஞ்சம் நீலம்.
அது வடிவதற்குள்
சறுக்கி, விழுந்து, அழுது,
மறுபடி சறுக்கி
முடித்துவிட வேண்டும்.

ஒரு வாளி நிறையப் பனியை
உள்ளே கொண்டுவந்து வைத்தோம்.
மதியத் தூக்கம் முடிந்து பார்த்தால்
அடியில் நாலு விரல் தண்ணீர்.
மிச்சத்தை யார் குடித்தது?
விசாரணை நடந்தது.
சமையற்கார அஸ்லாக்கின் மீது
இன்றுவரை சந்தேகம் தீரவில்லை.

உலர்த்தும் அலமாரியைத் திறந்தால்
நனைந்த கம்பளியின் ஆட்டு வாடை.
அந்தே கையுறைகளை
இரண்டிரண்டாக எண்ணுவான்:
ரெண்டு, நாலு, ஆறு...
இருபத்திரண்டுக்குப் பிறகு
ஒன்று மட்டும் நிற்கும்.
"எங்கேயோ ஒரு கைக்குக் குளிருது"
என்று அறிவித்துவிட்டு
உருளைக்கிழங்கு தின்னப் போவான்.

மூன்று நாள் தேடினோம்.
நான்காம் நாள் கிடைத்தது,
வேலிக் கம்பத்தில்,
வெப்பமானியின் மேல் மாட்டியபடி.
நீல்லாஸின் வேலை.
"அதுதானே ராத்திரியும் வெளியே நிக்குது."

கழற்றிப் பார்த்தேன்.
மைனஸ் பதினெட்டு.
கையுறைக்குள் இருந்தும்
ஒரு கோடுகூட ஏறவில்லை.
அவன் முகம் சுருங்கியது.
கையுறை சூட்டைத் தராது, கண்ணா,
உன் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன்
தன் கையுறையை உருவி எறிந்து
வெறுங்கையையும் வெப்பமானியையும்
ஒரே உறைக்குள் நுழைத்துவிட்டான்.
பத்து எண்ணினேன், மனசுக்குள், பயந்துகொண்டு.
எடுத்தோம்.
சிவப்புக் கோடு
மைனஸ் ஒன்பதில் நின்றது.
"கையைப் பிடிச்சுக்கணும்" என்றான் நீல்லாஸ்,
எனக்குத் தெரியாததைச் சொல்வது போல.

சுன்னாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.
மூன்றரை வயது.
ஜிப்பின் நுனியைக் கொக்கிக்குள் செருகுவதில்
நவம்பரும் டிசம்பரும் தீர்ந்தன.
நான் கை நீட்டினால் தட்டிவிடுவாள்.
"நானே."
அவள் அகராதியில்
அந்த மாதங்களில் இருந்த சொற்களில்
அதுதான் மிகவும் தேய்ந்தது.

சூரியன் வரும் நாள் வந்தது.
குன்றின் விளிம்பில்
கால் மணி நேரம் தலை காட்டும்,
அவ்வளவுதான்.
எல்லோரும் ஓடினார்கள்.
மாரித், அந்தே, வாளியோடு நீல்லாஸ்,
கரண்டியைக் கீழே வைக்க மறந்த அஸ்லாக்.
நடைக்கூடத்தில் இரண்டு பேர் மிஞ்சினோம்.

சுன்னா நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
செருகினாள். வழுக்கியது.
செருகினாள். வழுக்கியது.
வெளியே ஒரு கூச்சல் எழுந்தது.
கதவுக் கண்ணாடியில்
ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நகர்ந்தது.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
என் விரல்களை
என் கக்கத்துக்குள் அடக்கி வைத்திருந்தேன்,
தாமாகப் போய் உதவிவிடக் கூடாதே என்று.

பிறகு அந்தச் சத்தம்,
வயிற்றிலிருந்து தாடை வரை
ஒரே இழுப்பு.

நாங்கள் வெளியே வந்தபோது
பழைய நீலம்தான் இருந்தது.
"போயிடுச்சு!" என்று கத்தினான் அந்தே,
"நீங்க பாக்கவே இல்லை!"
சுன்னா அவன் முன்னால் போய் நின்று
தாடையை நிமிர்த்திக் காட்டினாள்.
அவன் குனிந்து,
வெகுநேரம்,
அந்த ஜிப்பைப் பார்த்தான்.