வட்டமில்லாத தண்டு

வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில்
இரண்டே முக்கால் அடி. வடக்குப் பக்கம்.
வெயில் அங்கே வைகாசி ஆனியில் மட்டும்
மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் போல
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

செம்பருத்தி வைத்தேன், இலையோடு நின்றது.
ரோஜா வைத்தேன்.
ஓசூரில் இருந்துகொண்டு
ரோஜா வரவில்லை என்று
வெளியே சொல்ல முடியுமா?

பாகலூர் ரோடு நர்சரியில் திம்மராயப்பா
ஒரு தொட்டியைக் காலால் நகர்த்திக் காட்டினான்.
"நிழல்ல நிக்கும் சார். வருஷம் பூரா பச்சை.
ஒண்ணே ஒண்ணு, ஒட்ட வெட்டிடாதீங்க."
மெலிந்த இலை, விளிம்பில் பால்கோடு,
ஹெல்மெட் கழற்றிய தலை மாதிரி
நாலு பக்கமும் சரிந்து கிடந்தது.
தொட்டி இருநூற்று இருபது.

என் வேலை வட்டத்தை அளப்பது.
சிப்காட்டில், பி ஷிஃப்டில்,
பம்புக்குப் போகிற ஷாஃப்டுகளை
விரலிடையில் உருட்டிப் பார்ப்பேன்.
மைக்ரோமீட்டர் சொல்லுமுன்
விரல் சொல்லிவிடும்.
அந்தப் பழக்கத்தில்
பூ விட்டிருந்த ஒரு தண்டை உருட்டினேன்.
உருளவில்லை.
தடுக்கித் தடுக்கித் திரும்பியது,
மூன்று விளிம்பு.

"திம்மா, இது கோரைதானே?"
குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றிக்கொண்டே
"சீமைக் கோரை" என்றான்.
விலையைக் குறைக்கவில்லை.
ஆறு வாங்கினேன்.

நாகவேணி வாரம் ஆறு நாள்
மத்திகிரிப் பக்கத்துப் பாலிஹவுஸில்
ரோஜா வரிசைகளுக்கு நடுவே
கோரை பிடுங்குகிறவள்.
ஞாயிறு காலையில் எங்கள் தெருவுக்கு.
வந்ததும் முதல் தூரில் கை வைத்துவிட்டாள்.
"அது வேண்டாம்மா, காசு குடுத்து வாங்கினது."
கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்,
கணக்குப் போட்டாள்.
"அங்க ஒரு நாள் பிடுங்கினா
இங்க ரெண்டு தொட்டி."
பிறகு தூரின் கழுத்தில் ஏறியிருந்த மண்ணை
இரண்டு விரலால் ஒதுக்கி,
"ஆழமா வெச்சிட்டீங்க, அழுகிடும்" என்றாள்.
பிடுங்கத் தெரிந்த கைக்கு
வேர் எங்கே தொடங்குகிறதென்று தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு
பால் கவரில் சுருட்டிய ஈரக் கட்டி ஒன்று.
ராமநாயக்கன் ஏரி ஓரத்தில் எடுத்தாளாம்.
கேட்காமலே
வாஷிங் மெஷின் தண்ணீர் விழும் மூலையில் நட்டாள்.
"இதுக்குக் காசு வேண்டாம் சார்."

ஐப்பசி மழை, கார்த்திகைக் குளிர்.
ஏரிக் கோரை என் மார்புக்கு வந்து
உச்சியில் குடை விரித்தது.
வாங்கிய ஆறும் முழங்காலுக்குக் கீழே
அவரவர் இடத்தில், மரியாதையாக.
மார்கழிப் பனியில் நுனி பழுத்தால்
கத்தரி எடுக்காமல் விரலைச் சீப்பாக்கி
காய்ந்ததை மட்டும் கோதி எடுப்பேன்.
இலை விளிம்பு, புதுக் காகிதம் போல,
கிழித்த பிறகுதான் தெரியும்.

தை பிறந்ததும் நாலாவது தூர் வைக்கோலாகிவிட்டது.
காரணம் தெரியவில்லை.

இந்த ஞாயிறு நாகவேணி வரவில்லை.
காதலர் தின ஆர்டராம், பாலிஹவுஸில்
ஞாயிறும் வேலை.
நானே பக்கெட்டோடு குந்தினேன்.
நாலாவது தூர் இருந்த வெற்றிடத்தில்
ஊசியாய் மூன்று முளை.
செத்தது துளிர்க்கிறதா,
மூலையிலிருந்து மண்ணுக்கடியில்
ஏரி நடந்து வந்துவிட்டதா,
இல்லை, ரோட்டோரம் வளர்கிற
வெறும் கோரைதானா.

ஒன்றை உருட்டிப் பார்த்தேன்.
மூன்று விளிம்பு.
அடுத்தது, மூன்று.
காசு கொடுத்து வாங்கியதை உருட்டினேன்,
அதுவும்.

பதினாறு வருட விரல்
முதல்முறையாக ஒன்றும் சொல்லவில்லை.
முழங்கால் மட்டும் வலித்தது.
பக்கெட்டைக் காலியாகவே
குழாயடியில் கவிழ்த்து வைத்தேன்.