தொண்ணூறாம் நாள்

கைராசி என்று எழுத
என் அட்டவணையில் கட்டம் இல்லை.
"அந்த மெஷினுக்கு நாலு கையாமே,
ராசி எந்தக் கையில தம்பி?"
போனில் கேட்கிறார் ராயபுரம் எபனேசர்.
சிரிக்கிறாரா, தெரியவில்லை.
அவர் பக்கம் ஒரு சரக்கு ரயில்
போய்க்கொண்டே இருக்கிறது.

கிரீம்ஸ் ரோடு, ஏழாவது மாடி,
ஏசி ஒழுகும் அறை.
ரோபோ வைத்து ஈரல் அறுத்தவர்களை
முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும்
கூப்பிட்டு விசாரிப்பது என் வேலை.
இழந்த ரத்தம்: நூற்று எண்பது மில்லி.
கேன்டீன் டம்ளரில்
தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்திருக்கிறேன்,
விளிம்புக்கு ஒரு விரல் கீழே.
படுக்கை நாட்கள்: நான்கு.
வயிற்றைப் பெரிதாகத் திறக்க நேர்ந்ததா: இல்லை.
பித்தக் கசிவு: இல்லை.
இல்லை இல்லை என்று நிரம்பினால்தான்
நல்ல செய்தி.

"அஞ்சு ஓட்டை, அடிவயித்துல ஒரு கோடு, அவ்ளோதான்.
சட்டையைத் தூக்கிக் காட்டினா
இதுக்கா ரெண்டு மாசம் லீவுங்கறான்
ஐஸ் ஃபாக்டரி மேஸ்திரி."
குறிப்பு என்னும் கடைசிக் கட்டத்தில்
அறுபது எழுத்துக்குமேல் நிற்காது.
தழும்பு சிறிது, என்று எழுதினேன்.

ஜாம்பஜார் சுலைகாவுக்கும்
அதே மெஷின், அதே டாக்டர்,
ரத்தம் இன்னும் குறைவு.
முப்பதாம் நாள்
வஞ்சிரம் சாப்பிடலாமா என்று கேட்டார்.
தொண்ணூறாம் நாள், கொஞ்சம் இருமிவிட்டு,
நீ சாப்ட்டியாப்பா என்றார்.
உயிருடன்: ஆம்.

தொண்ணூற்று நான்காம் நாள்
அவர் எண்ணிலிருந்து அழைப்பு.
மகன் பேசினான்.
"காய்ச்சல்னு படுத்தாங்க சார்.
ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணீங்க.
இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட வேணாம்னு
சொல்லத்தான்."

டாக்டர் கமலக்கண்ணனிடம் போய் நின்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
"நம்ம கேள்வி தொண்ணூறோட முடியுது," என்றார்.
தப்பில்லை. உலகம் முழுக்க அதுதான் கணக்கு.
அடுத்த மாதம் மாநாட்டுத் திரையில்
பச்சைக் கம்பத்தில் ஒரு நூலிழை உயரம்
சுலைகா.
பிழைத்தவர்கள் பக்கம்.

அறுத்தாலும் வளருமாம் ஈரல்.
ஆறு வாரத்தில், ஏறக்குறைய பழைய அளவுக்கு.
அதில் எத்தனை நாள் வளர்ந்தது
அவருக்குள்?

அடுத்த எண். தாம்பரம். முப்பதாம் நாள்.
மணி அடிக்கிறது.
அடிக்கிறது.
எடுங்க சார்,
ரத்தம் எவ்வளவு, நாள் எத்தனை
எதுவும் கேட்கமாட்டேன்,
சும்மா எடுங்க.