இரண்டு கேள்விக்குறிகள்

தலாஸ் ஊரின் பீன்ஸ் கிடங்கில்
திரையில் கியூமியூஷாய் முழுசாய்த்தான் இருக்கிறாள்.
தாளில் இறங்கும்போது
பெயரிலிருந்து இரண்டு உயிர் போய்
அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி.

"உன்மேலே உனக்கே சந்தேகமா?" என்கிறான்
லாரி ஓட்டும் ஷாய்லோபேக், ரசீதைத் திருப்பித் திருப்பி.
எல்லைச் சாவடியில் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.
நேற்றுப் போன பன்னிரண்டு டன் திரும்பி வந்து
வாசலில் நிற்கிறது.

ருஷ்ய எழுத்தெல்லாம் பிசகாமல் விழுகிறது.
கிர்கிஸுக்கென்று கூடுதலாய் உள்ள மூன்றுக்குத்தான்
அச்சுப்பொறியின் வயிற்றில் இடமில்லை.
தமிழிலும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.
ஊ சொல்ல உதட்டைக் குவித்து
ஈ சொல்லிப் பாருங்கள்.
அதுதான். அவள் பெயரில் இரண்டு தடவை.

எழுத்துருவை மாற்றினாள். மொழியை மாற்றினாள்.
அணைத்துப் போட்டாள்.
மை டப்பாவைக்கூடக் குலுக்கினாள், பாவம், அது என்ன செய்யும்.
இரவு பதினோரு மணிக்கு
அமைப்புகளின் அடியில் ஒரு சின்னக் கட்டம்:
'எழுத்தைப் படமாக அனுப்பு.'

டிக் செய்தாள்.
இனி அந்த இயந்திரம் எதையும் வாசிக்க வேண்டாம்,
கொடுத்ததை வரைந்தால் போதும்.

முனகி முனகி, பக்கத்துக்கு ஒரு நிமிடம்.
ஷாய்லோபேக் எஞ்சினை அணைத்துவிட்டான்.
இன்னும் நாற்பத்தோரு பக்கம்.