பதினோரு சாவு

புலிக்கு ஆடு விற்கப் போனவன் நான்.
ஆட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
என்னைப் படுக்கச் சொன்னான்.

அஞ்செட்டி தாண்டி, தொட்டல்லா ஆற்று மணல்.
ஒரு சாவுக்கு ஒன்றரை ரூபாய்.
புலி மட்டும் வரவில்லை,
ஓசூரில் கூண்டுக்குள் அதற்கு வயிற்றுப்போக்கு.

மேகம் மூடினால் எல்லாம் நிற்கும்.
எவனும் அசையக் கூடாது, முக்கியமாக நான்.
அப்போது துரை வந்து பக்கத்தில் குந்துவான்.
ஹார்லன் ப்ரூயட். இடது காதில் பஞ்சு.
உயிரோடிருப்பவர்களிடம் எரிந்து விழுகிறவன்
என்னிடம் மெதுவாகப் பேசுவான்.
மத்திகிரி மாட்டுப்பண்ணை கிளார்க் டிசூசா
பாதியைத் தமிழில் சொல்வான், மீதிக்குச் சிரிப்பான்.

பதினாறு வயதில் ஓடிப்போய்
ஸ்டுடியோவில் குதிரை பிடித்தவனாம்.
ஊமைப்படக் காலத்தில் கேமரா ஓட ஓட
'அழு, இன்னும் அழு' என்று கத்தலாமாம்.
படம் பேச ஆரம்பித்ததும்
முதலில் வாயை மூடச் சொன்னது இவனைத்தான்.

நாற்பத்திரண்டு படம், மூன்று பெண்டாட்டி.
எந்தப் படத்துக்கும் இவன் வைத்த முடிவு நிற்கவில்லை.
கடைசி ரீலை வெட்டிவிட்டு
கம்பெனிக்காரன் ஒரு முத்தத்தை ஒட்டிவிடுவான்.
தூக்கில் தொங்கியவனை இறக்கிக்
கல்யாணம்கூடச் செய்துவைத்தார்களாம்.
அதனால்தான் இந்தப் படத்துக்கு
முடிவை முதலில் எடுக்கிறேன் என்றான்.
முடிவு என்றால் நான்.

ஏழாவது சாவில் கண்ணிமை மேல் ஓர் எறும்பு ஏறியது.
நான் இமைக்கவில்லை. துரைக்கு மூச்சே நின்றுவிட்டது.
எட்டாவதுக்கு அதே எறும்பு வேண்டும் என்றான்.
அரை நாள் தேடினோம்.

மூன்று வருஷம் கழித்து, கிருஷ்ணகிரி டூரிங் டாக்கீஸ்.
லக்கம்மாவைக் கூட்டிப் போனேன்.
ஆற்றைக் கடக்கிறேன், திரும்பிப் பார்க்கிறேன்,
அதற்குள் பரிசலில் ஒரு வெள்ளைக்காரனும் ஒருத்தியும்
முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். விளக்கு போட்டுவிட்டார்கள்.
"செத்தேன்னு சொன்னே?" என்றாள்.
பதினாறரை ரூபாய்க்கு நான் என்ன கணக்குக் காட்ட?

துரை போன செய்தியை
டிசூசா பேப்பரில் பார்த்துச் சொன்னான்.
ஆறு வரி. மூன்று பெண்டாட்டி பேரும் இருந்தது,
எங்கள் படத்தின் பேர் இல்லை.

அடுத்த சந்தைக்குப் போகும்போது
ஆடுகளைத் தண்ணீருக்கு விட்டேன்.
அதே மணல். மேகம் வந்து மூடியது.
பக்கத்தில் குந்தி
அந்த வாரத்துக் கிடா விலையை அவனிடம் சொன்னேன்.
மூத்தவன் பள்ளிக்கூடம் போகாததைச் சொன்னேன்.
வெயில் வரும் வரைக்கும் அசையவே இல்லை.