கெட்டில் சுட்ட வட்டம்

புந்தா அரேனாசின் தீர்வையில்லாக் கடையில்
சுவர் முழுக்கக் கிட்டார்கள்.
எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு.
இடக்கைக்கு என்றால் சாந்தியாகோவிலிருந்து வரணும்,
நாலு மாதமாகும் என்றான் பையன்.
விலையையும் சொன்னான்.
நண்டு ஆலையில் இரண்டு மாதம்
நான் ஓடு உடைத்தால் வரும் தொகை.

எனக்கு இடக்கை மட்டுமில்லை, இடக்கும் உண்டு.
நானே செய்துகொள்கிறேன் என்று
கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
காற்று அதை மறுபடி திறந்தது.

மின்கட்டண உறையின் முதுகில் கணக்கு:
கழுத்து, உடல் பிளந்த பழைய கிட்டாரிலிருந்து, பன்னிரண்டாயிரம் பேசோ.
தந்தி ஆறாயிரம்.
மயிரிழைச் செம்புக் கம்பி ஒன்பதாயிரம்
(இதில் பேரம் படியவில்லை).
காந்தம், அலமாரிக் கதவுகளிலிருந்து.
இப்போது அலமாரி எதையும் மூடி வைப்பதில்லை.
மரம் சும்மா கிடைத்தது.

எனக்கு முன் குடியிருந்தவர் யாரோ
விட்டுப்போன மேசை அது. கனத்த லெங்கா மரம்.
நடுவில் ஒரு கருவட்டம்,
மாத்தேக்குத் தண்ணீர் கொதிக்க வைத்த கெட்டிலை
அடுப்பிலிருந்து நேரே இறக்கிய அவசரம்.
வட்டம் முதுகுப்பக்கம் போகட்டும்,
யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

யெர்கோ ரம்பம் தந்தான்,
கப்பல் பட்டறையில் மிஞ்சிய சிவப்பு பெயிண்ட்டும் தந்தான்.
கூலி: இரண்டு கிலோ நண்டுக் கால்.
சமையலறையில் அறுத்தேன்.
சர்க்கரையில் மரத்தூள், ரொட்டியில் மரத்தூள்,
ஆலைக்குப் போனால் புருவத்தில் மரத்தூள்.
மூன்றாம் நாள் உருவம் பிரிந்து கையில் வந்தது.
மடியில் வைத்துப் பார்த்தேன்.

"மிரெயா," என்றான் யெர்கோ மெதுவாக,
"இது வலக்கைக் கிட்டார்."

வட்டம் மேலே இருந்தபடியே வரைந்துவிட்டேன்.
முகம் அடியில் என்பது மனதில் இருந்தது,
பென்சிலுக்குத் தெரியவில்லை.
திருப்பினால் கண்ணாடியில் பார்த்தது போல
எல்லாம் எதிர்ப்பக்கம்.
சிரித்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.
நல்லவேளை, நண்டு தின்றுகொண்டிருந்தான்.

வேறு வழி ஒன்றுதான்.
மறைக்க நினைத்ததை முகமாக வைத்தேன்.

பிக்கப்புக்குக் குழி பறித்ததில் வட்டத்தின் கால்வாசி போயிற்று.
மீதி, பிரிட்ஜின் பக்கத்தில்
பிறை போல நின்றது.
பெயிண்ட் அடிக்கத் தூரிகையை எடுத்தேன்,
விளிம்புக்கும் முதுகுக்கும் மட்டும் அடித்தேன்.
அந்தக் குளிரில் காய ஒன்பது நாள்.
அதில் என் முடி ஒன்று ஒட்டியிருக்கிறது,
தேடினால் தெரியும்.

கம்பி சுற்றியது மேல்மாடி ஹிமேனாவின் தையல் இயந்திரத்தில்.
எண்ணுவதற்கு ஒரு கால்குலேட்டர்:
ஒன்று கூட்டல் ஒன்று,
சக்கரத்தின் காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும்
சமக்குறியை அமுக்கும்.
நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டில் அறுந்தது.
இருவரும் மூச்சு விடவில்லை.
விட்டிருந்தால் நுனி எங்கே பறந்ததோ.
சால்டர் வைத்து ஒட்டி
ஏழாயிரத்து அறுநூறில் நிறுத்தினோம்.
அவளுக்குக் காலையில் கலியாண உடுப்பு தைக்கணும்.

நேற்று இரவு ஆம்ப்ளிபயரில் செருகினேன்.
முதலில் பாட்டு வரவில்லை, முனகல் வந்தது.
குளிர்பெட்டி, குழல்விளக்கு, தெருக்கம்பி
எல்லாம் சேர்ந்து அதற்குள் முணுமுணுத்தன.
தந்தியில் கை வைத்தேன்.
அடங்கிற்று.
எடுத்தால் முனகும், தொட்டால் அடங்கும்.
மண்ணுக்கு இறங்கும் கம்பிகளில்
நானும் ஒருத்தி.
சும்மா தொட்டுத் தொட்டு எடுத்தபடி
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

பிறகு வாசித்தேன்.
ஐந்து தந்தி நன்றாகப் பேசின.
மூன்றாவது மட்டும் ஈயைப் போல இரைந்தது.
தலைப்பக்கம் தந்திகள் ஏறும் எலும்புப் பட்டையில்
அந்த ஒரு பள்ளத்தை மட்டும்
அதிகம் அராவிவிட்டேன்.
அந்த எலும்பு ஞாயிற்றுக்கிழமைச் சூப்பில் கிடைத்தது.

நாளைக்கும் ஆட்டெலும்புச் சூப்தான்.
யெர்கோ வருகிறேன் என்றிருக்கிறான்.