கள்ளன்

கொல்லத்தில் ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது
பதினாலு விளக்குகளை எடைக்கு வாங்கினோம்.
இரும்பு விலைதான். கண்ணாடிக்குத் தனிக் காசு இல்லை.
புளியரை இறக்கத்தில் மழை.
பேட்டை ஷெட்டில் இறக்கும்போது
டப்பா டப்பாவாகத் தண்ணீரும் சேர்ந்து இறங்கியது.

முப்பிடாதி எண்ணினாள்.
"பதிமூணுதாம்ல இருக்கு."
பதினாலாவது டிரைவரின் காலடியில் கிடந்தது.
அதன்மேல் கால் நீட்டியே அவன் மலை இறங்கியிருக்கிறான்.

முதல் வாரம் முழுக்கத் திறப்பதே வேலை.
துருவேறிய மறைக்கு மண்ணெண்ணெய் விட்டு
ராத்திரி முழுக்க ஊறப்போட்டு
காலையில் திருகினால் தலை மட்டும் கையோடு வரும்.
ஒன்றுக்குள் குளவிக்கூடு.
ஒன்றுக்குள் பல்லி முட்டை இரண்டு.
ஒன்றின் கிளாம்ப் கைப்பிடியில் ஓர் ஒட்டுப்பொட்டு,
மேடையேறும் அவசரத்தில் ஒருத்தி கழற்றி ஒட்டியது.
அதைச் சுரண்ட இரண்டு பேருமே மறந்துபோனோம்.

வயரின் வெள்ளை உறை
தொட்டால் அப்பளம்.
பீங்கான் ஹோல்டரின் துளைகள்
சொத்தைப் பல்லாகக் கறுத்திருந்தன.

இவள் பேட்டை ஐடிஐயில் வயர்மேன் படித்தவள்.
போன வீட்டிலெல்லாம்
"ஆம்பளை ஆளு பின்னால வாராரா?" என்று
வாசலைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.
இங்கே விளக்குகள் அப்படிக் கேட்பதில்லை.
ஹாலஜன் கண்ணாடியில் விரல் படக்கூடாது,
எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கொப்புளித்துவிடும்.
அந்த மாசம் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டாள்.

எல்லா டப்பாவின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில்
எண் இருந்தது.
பதினொன்றாவதில் மட்டும் எண் இல்லை,
மலையாளத்தில் ஒரு சொல்.
போட்டோ எடுத்துச் செங்கோட்டை ஜமாலுக்கு அனுப்பினேன்.
"கள்ளன்னு எழுதிருக்கு அண்ணாச்சி.
என்னத்தக் களவாண்டுச்சோ!"

அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்தது.
கள்ளனுக்குக் கரண்டு கொடுத்தோம்,
டிரிப்பர் விழுந்தது,
ஷெட் முழுக்க இருட்டு.
மறுபடி போட்டோம். மறுபடி இருட்டு.
எத்தனை மேடையில் இவன் இப்படி
ராஜாவையும் ராணியையும் ஒரே மூச்சில் அணைத்திருப்பான்,
எத்தனை வாய் இவனைத் திட்டியிருக்கும்!

"இவன உடைச்சு உதிரிக்கு வச்சிக்கிடுவோம்" என்றேன்.
முப்பிடாதி பதில் சொல்லவில்லை.
சீரிஸ் பல்பை எடுத்துக்கொண்டு
அவன் பக்கத்தில் சம்மணம் போட்டாள்.
இழையில் பழுதில்லை, ஹோல்டரில் இல்லை, உடம்பில் இல்லை.
கடைசியாகத்தான் பிளக்கைத் திறந்தாள்.
கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சை.
பச்சையின் இடத்தில் கறுப்பு.
ஏதோ ஒரு ராத்திரி, மணி அடித்துவிட்டது, திரை ஏறப்போகிறது,
எவனோ இருட்டில் மாற்றிப் பூட்டிவிட்டான்.
பிறகு பெயின்ட் வாங்கப் பொழுது கிடைத்திருக்கிறது,
பிளக்கைத் திறக்கத்தான் கிடைக்கவில்லை.

இரண்டு மறை. நாலு நிமிஷம்.

மூலைக்கரைப்பட்டி பள்ளிக்கூட ஆண்டு விழா எங்கள் முதல் மேடை.
ஊர் வோல்டேஜ் நூற்றெழுபதுக்கு இறங்கியது,
வெள்ளை எல்லாம் பழுத்த மஞ்சளானது.
நாடகத்தில் நீதிபதியாக வந்த எட்டாம் வகுப்புப் பையனுக்குத்
தீர்ப்பு மறந்துபோய்
விழித்துக்கொண்டு நின்றான்.
இடது ஓரத்திலிருந்து அவன் முகத்தில் விழுந்தது
கள்ளனின் வெளிச்சம்.
அசையாமல் நின்றது
அவனுக்குத் தீர்ப்பு ஞாபகம் வருகிறவரைக்கும்.

பந்தல்காரர் அவசரப்படுத்தினார்.
"சூட்டோட தூக்குனா இழை அத்துப்போகும்" என்றாள் முப்பிடாதி.
மணி ஒன்றரை. எதிர்க்கடையில் பால் தீர்ந்து
கடுங்காப்பிதான் கிடைத்தது.
காலி நாற்காலிகளின் நடுவே இரண்டு பேரும்
விளக்குகள் ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தோம்.
ஆறும்போது தகரம் டிக் டிக்கென்று சொடுக்கும்.
"அந்தப் பேர அழிச்சிருவமா?" என்றேன்.
"கெடக்கட்டும்" என்று எழுந்து போய்
புறங்கையை அவன் முதுகில் வைத்துப் பார்த்தாள்.
"இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு."